விருதுநகரில் ஒரு சாயங்காலக் கடை

விருதுநகரில் மத்தியானம் போய் இறங்கினால் பரோட்டாவுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். பேர்போன எண்ணெய் பரோட்டாக் கடைகளில் பலவும் பொழுது சாயும்போதுதான் அடுப்பு மூட்டும். அதுவரைக்கும் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே யாராவது உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரர் குனிந்து எட்டிப்பார்த்து, "எப்பங்க திறப்பீங்க?" என்பார். "ஆறு மணி ஆகும்ணே" என்று பதில் வரும். தலைகூட நிமிராது.

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. திருமங்கலம் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்கும். கள்ளிக்குடிப் பக்கம் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரம்தான். அதைத் திட்டாத விவசாயி கிடையாது. ஆனால் இந்த வட்டாரத்து ஹோட்டல் அடுப்புகளில் பல வருஷம் எரிந்தது அதுதான். நான் போனது பங்குனிப் பொங்கலுக்கு முந்தைய வாரம். பராசக்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றிச் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். தெப்பக்குளத்தை ஒட்டிய பஜாரில் மிளகாய் வத்தல் நெடி. புதிதாக வருகிறவர் இரண்டு தும்மல் போடாமல் அந்தத் தெருவைக் கடக்க முடியாது. மூட்டை தூக்குகிறவர்கள் தும்முவதில்லை.

நான் தேடிப்போன கடையின் முதலாளி போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் அங்கேதான் ராச்சாப்பாடு. அவரோடு பேசுவதற்கென்றே கடைசி பஸ்ஸை விட்ட நாட்கள் உண்டு. செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. ஊரில் அவரை அண்ணாச்சி என்பார்கள். அந்த பஜாரில் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் இருபது பேர் திரும்புவார்கள் என்பதால், "பரோட்டா அண்ணாச்சி" என்று சொன்னால்தான் ஆள் பிடிபடும்.

அவருக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அவருடைய அப்பா இங்கே ஒரு ஹோட்டலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். டம்ளர் கழுவுவது, இலை எடுப்பது, தண்ணீர் வைப்பது என்று தொடங்கிய வேலை. அறுபதுகளின் தொடக்கம். அன்றைய அரிசித் தட்டுப்பாட்டை இன்றைக்கு நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அமெரிக்காவின் 1954-ம் ஆண்டு பி.எல். 480 சட்டத்தின்கீழ் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். பல ஹோட்டல்கள் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. சோறு விற்ற கடைகள் தடுமாறிய அந்த வருஷங்களில்தான் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மைதா காலூன்றியது. பரோட்டாவை நம் பாட்டன் பூட்டன் சாப்பாடு என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அண்ணாச்சிக்கு அந்த மாதிரி மயக்கம் எதுவும் இருந்ததில்லை. "அரிசி கிடைச்சிருந்தா நான் சோத்துக் கடைதான் போட்டிருப்பேன்" என்பார்.

அவர் வந்துசேர்ந்த ஊரும் மயக்கம் இல்லாத ஊர்தான். பருப்பு, எண்ணெய், வத்தல், மல்லி என்று எது விளையாவிட்டாலும் எல்லாம் வந்து விலை பேசப்படும் ஊர். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகைகளில் வரும் பட்டியலை நம்மில் பலர் பார்வையாலேயே தாண்டிவிடுவோம். அண்ணாச்சி படித்த பத்திரிகையே அதுதான். கடலை எண்ணெய் 15 கிலோ டின் என்ன விலை, பாமாயில் என்ன விலை, மைதா மூட்டை ஏறியதா இறங்கியதா. தலைப்புச் செய்தி அதற்கப்புறம்தான். விலை ஏறுகிற வாரத்தில் பரோட்டாவின் விலை ஏறாது, எடையும் குறையாது. ஆம்லெட் மட்டும் காணாமல் போய்விடும். "முட்டை வரலண்ணே" என்று சப்ளையர் பையன் சொல்வான். முட்டை வந்துதான் இருக்கும். லாபமில்லாத பண்டத்தைக் கண்ணில் காட்டாமல் இருப்பது அவருடைய விலைவாசிக் கொள்கை.

இந்த ஊர்க்காரர்களின் அளவுபுத்தி அவருக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளிக்கூடத்துக்கு வீடுதோறும் தினம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் கொடுத்த ஊர் இது. காமராஜர் படித்தது அங்கேதான். பெரிய கொடையாளி ஒருவரைத் தேடிப் போகாமல் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். சாப்பாட்டுக்குப் பேர்வாங்கிய இதே ஊரின் தேசபந்து மைதானத்தில்தான், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு சங்கரலிங்கனார் 1956-ல் 76 நாள் பட்டினி கிடந்து, பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் உயிர்விட்டார். பேர் மாறியது 1969-ல். பரோட்டா தின்ன வருகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று அண்ணாச்சி ஒருமுறை என்னிடம் கோபமாகவே கேட்டிருக்கிறார்.

ஆறு மணிக்குக் கடை திறந்தது. வாசலிலேயே கல். மற்ற ஊர்ப் பரோட்டாக் கல் தட்டையாக இருக்கும். இது நடுவில் குழிந்து, சுற்றிலும் விளிம்பு உயர்ந்தது. குழியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. மாஸ்டர் பீகார்க்காரப் பையன். தமிழில் திட்டவும் கணக்குச் சொல்லவும் நன்றாக வருகிறது. எண்ணெயில் ஊறிக் கிடந்த உருண்டையை எடுத்து மேஜையில் தட்டி, இரண்டு கையாலும் வீசினான். அந்தப் பக்கம் நிற்கும் ஆள் தெரிகிற அளவுக்கு மாவு மெலிந்தது. அதை மடித்து, கயிறாக்கி, சுருட்டி வைத்தான். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, எண்ணெய்க் குழியில் ஓரத்திலிருந்து வழுக்கிவிட்டான். முதலில் வெள்ளைக் குமிழ், பிறகு ஓரம் பொன்னிறம், பிறகு திருப்பிப் போடுதல். கரண்டியால் எடுத்து எண்ணெய் வடியவிட்டு, நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமும் ஓங்கி அடித்தான். அடி விழுந்ததும் ஏடு ஏடாகப் பிரிந்தது. மேலே மொறுமொறுவென்றும் உள்ளே இளக்கமாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அண்ணாச்சி தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார், சாப்பிடுகிறவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும்.

எண்ணெய் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2018-லிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மறுபடி பொரிக்கக் கூடாது. அதைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. அண்ணாச்சியிடம் கருவி கிடையாது. "நுரை கட்டுச்சுன்னா எண்ணெய் செத்துப்போச்சு" என்பார். கல்லில் நுரை அடங்காமல் எழும்பினால், எத்தனை பேர் காத்திருந்தாலும் இறக்கு என்று சத்தம் போடுவார். இப்போது கழிவு எண்ணெயை பயோடீசலுக்கென்று விலைக்கு வாங்கிப் போக ஆள் வருகிறார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மகன் அதைச் சொன்னபோது, "அப்பா இருந்திருந்தா இதுக்கும் ஒரு கணக்கு நோட்டுப் போட்டிருப்பாங்க" என்று சிரித்தார்.

நோட்டு என்றதும் பக்கத்து மேஜையிலிருந்த பெரியவர் திரும்பினார். பருப்பு குடோன்களில் மூட்டை சுமந்தவர்; முதுகு இன்னும் நிமிரவில்லை. சுமைதூக்கும் ஆட்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி. மற்ற நாளெல்லாம் அண்ணாச்சி கடையில் பற்று. செத்துப்போன முதலாளியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் தங்கம் என்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"தங்கமெல்லாம் கெடையாது. கறார். ஒரு தடவ ரெண்டு சனிக்கெழம காசு குடுக்கல, சீட்டு ஆடி விட்டுட்டேன். மூணாவது வாரம் எனக்குப் பரோட்டா போட மாட்டேன்னுட்டாரு. எல இல்ல, எழுந்திரின்னுட்டாரு. பத்துப் பேருக்கு முன்னால."

"அப்புறம்?"

"எஞ்சம்சாரம் வந்து நின்னா. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பார்சல் கட்டிக் குடுத்தாரு. அந்தக் காசையும் எங்கணக்குல ஏத்திட்டாரு!"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கடைசி வரியில் அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. அந்தப் பாக்கியை அடைத்தாரா என்று கேட்டேன். "அடைக்காம? தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டுக்கே வந்துட்டாருல்ல." சொல்லிவிட்டு, சால்னா இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

நாம் இரங்கல் எழுதும்போது தாராள மனசையே தேடுகிறோம். கடனைத் தள்ளிவிட்ட ஹோட்டல்காரர்கள் நல்லவர்களாக இருந்திருப்பார்கள். அவர்கள் கடை எத்தனை நாள் ஓடியது என்று யாரும் எழுதுவதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நாலு பெஞ்சோடு தொடங்கிய கடை இன்றைக்கும் அதே இடத்தில் நடக்கிறது என்றால் அதற்கு அந்தக் கறார்தான் காரணம். அந்தப் பெரியவருக்கு ஐம்பது வருஷமாக ராத்திரி சாப்பிட ஓர் இடம் இருந்ததற்கும் அதுவேதான் காரணம்.

அண்ணாச்சி சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது 1967 தேர்தல் கதை. அப்போது அவர் வேறொரு கடையில் சப்ளையர். காமராஜர் சொந்த ஊரில் நிற்கிறார். எதிரே தி.மு.க. சார்பில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். நாடே அதிர்ந்த சேதி. அண்ணாச்சியிடம் அன்றைக்கு ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மாவு மிஞ்சிப்போச்சு" என்றார். ஜெயித்தவர்கள் ஊர்வலம் போய்விட்டார்கள், தோற்றவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், சாப்பிட வர ஆளில்லை. பிசைந்த மாவை முதலாளி வேலையாட்களுக்கே பகிர்ந்து கொடுத்திருக்கிறார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, எனக்கு அப்போ ஓட்டு இல்லை என்று சொல்லி நழுவினார். வயசை எண்ணிப் பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

கிளை திறக்கச் சொல்லி அவரைக் கேட்டவர்கள் நிறையப் பேர். மதுரையில் ஒன்று, சென்னையில் ஒன்று; இடம் நாங்கள் தருகிறோம், பேரை மட்டும் கொடுங்கள் என்று வந்தவர்களும் உண்டு. பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்று ஒற்றைக் கடை போட்டார். அவர் தலையில் கட்டிய தலைப்பாகையே பிறகு கடையின் பேராகி, தலப்பாக்கட்டி என்று கடல் கடந்தும் போய்விட்டது. சீரக சம்பாவும் ஆட்டுக்கறியும் அந்தக் குடும்பத்தைத் தூக்கிவிட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு வேறொரு திறமை வேண்டும். அண்ணாச்சி சொன்ன பதில்: "ரெண்டு எடத்துல நான் உக்கார முடியாதுல்ல." அடக்கம் என்று இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தான் உட்கார்ந்து பார்க்காத கல்லில் நுரை எழும்பும் என்ற சந்தேகம்தான் காரணம்.

அதற்கு அவர் விலையும் கொடுத்தார். கையில் தொழில் ஏறிய மாஸ்டர்கள் ஒவ்வொருவராகக் கேரளத்துக்கும் மலேசியாவுக்கும் போனார்கள். அங்கே கிடைக்கும் சம்பளத்தை ஒரு கல் கடையால் கொடுக்க முடியாது. மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வருஷக்கணக்கில் இழுத்தது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது சால்னா கட்டிக்கொடுக்கும் கவர் போயிற்று; தூக்குச்சட்டி கொண்டுவருகிறவருக்கு மட்டும்தான் சால்னா என்று எழுதிப் போட்டார். பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், மீதிப் பேர் தூக்குச்சட்டி வாங்கினார்கள். 2020 மார்ச் ஊரடங்கில்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் நிஜமான சண்டை. பார்சல் மட்டும் போடலாம் என்று அரசாங்கம் விட்டிருந்தது. எண்ணெய் பரோட்டா பொட்டலத்துக்குள் பத்து நிமிஷம் இருந்தால் வியர்த்து, துவண்டு, மொறுமொறுப்பு போய்விடும். அதை விற்க மாட்டேன் என்று அப்பா. ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பது என்று மகன். மகன்தான் ஜெயித்தார். அண்ணாச்சி அந்த மாதங்களில் கடைப் பக்கம் வரவில்லை.

"அதுக்கப்புறம் வந்தாங்க, ஆனா கல்லாவுல உக்காரலண்ணே" என்றார் மகன். "வாசல்ல ஸ்டூல் போட்டுக் கல்லப் பாத்தே உக்காந்திருந்தாங்க." இப்போது கல்லாவில் மகன். பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை, பணம் வந்தால் சத்தமாக அறிவிக்கிற சின்னப் பெட்டி. பற்று நோட்டு இல்லை. மேலே சுவரில் காமராஜர், மாரியம்மன், அண்ணாச்சி.

மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கடையிலிருந்து இரண்டு தெரு. வருஷக்கணக்காக அண்ணாச்சியோடு பேசியும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. கடைக்காரர்களை நாம் கடையோடு நிறுத்திக்கொள்கிறோம். மதினி திண்ணையில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். வாங்க தம்பி என்று சொல்லி மோர் கொடுத்தார். சால்னாவுக்கான மசாலா இன்றுவரைக்கும் இந்த வீட்டில்தான் அரைபடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, வறுத்த வத்தல். கடை தொடங்கிய நாளிலிருந்து அம்மியில் அவர் அரைத்தது. மூன்று மணிக்கு அரைத்து முடித்தால் நாலு மணிக்குச் சட்டி கடைக்குப் போகும். பிள்ளைப்பேற்றுக்குப் போன மாதங்களில் அவருடைய அம்மா வந்து அரைத்திருக்கிறார்.

"கிரைண்டர் வாங்கின அன்னைக்கு அவுக ஒரே சண்ட" என்றார். "சால்னா ருசி மாறிப்போச்சாம். கூட்டம் கொறஞ்சிருமாம். சரி, அம்மி அங்கன கெடக்கு, நீங்களே அரைங்கன்னு சொல்லிட்டேன். ஒரு நாள் அரைச்சாக. மறுநாள் கிரைண்டர்ல ருசி நல்லாத்தான் இருக்குன்னுட்டாக."

கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டேன். "நானா? அங்கன ஆம்பளைக கூட்டம்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கடை சாத்திட்டு ரெண்டு பரோட்டா கொண்டாருவாக. ஆறிப்போயிருக்கும்." நொந்துகொண்டு சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். பார்சலில் பரோட்டா கெட்டுப்போகும் என்று மகனோடு அத்தனை சண்டை போட்டவர், ஐம்பது வருஷம் வீட்டுக்கு எதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்று எனக்கு யோசனை ஓடியது. அதை நான் கேட்கவில்லை. மதினிக்கு அது தோன்றாமலா இருந்திருக்கும்.

அஞ்சரை மணி வாக்கில் கடைப் பையன் சைக்கிளில் வந்தான். கையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். கடை திறப்பதற்கு முன்னால் தினமும் முதல் சால்னா வீட்டுக்கு வந்துபோகும் என்றார் மதினி. அண்ணாச்சி போன பிறகு வந்த ஏற்பாடு இல்லை, முதலிலிருந்தே அப்படித்தான். அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"சோம்பு தூக்கலா இருக்கு. மாஸ்டர் தனியா அள்ளிப் போட்டிருக்கான். தேங்காப்பால் அரைப்படி சேத்து இன்னொரு கொதி விடச் சொல்லு. அதுக்கு முன்னால கடையத் திறக்கக் கூடாதுன்னு சொல்லு."

"அண்ணன் திட்டுவாரு பெரியம்மா. வெளிய கூட்டம் நிக்குது."

"நிக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லு. அந்த பீகார்ப் பையன நாளைக்கு இங்கன வந்து என்னப் பாக்கச் சொல்லு."

பையன் டம்ளரை வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.